உட்காருங்க, படம் இன்னும் முடியல

ஆதிகேசவன் வாழ்நாளில் ஒரே ஒரு படம்தான் இயக்கினார். அதைப் பற்றி உலகம் அவரிடம் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டது. அந்த இரண்டாவது காபியை யார் குடித்தார்கள்?

ஆட்டோக்காரர் கேட்டிருக்கிறார். கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றவர் கேட்டிருக்கிறார். பல் டாக்டர் ஒருவர் வாய்க்குள் இரண்டு கருவிகளை விட்டுவிட்டு, பதில் சொல்ல முடியாத நேரமாகப் பார்த்துக் கேட்டார். ஆதிகேசவன் யாருக்கும் சொன்னதில்லை. ஆரம்பத்தில் சிரித்து மழுப்பினார். பிறகு, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று திருப்பிக் கேட்டுப் பார்த்தார். அதற்கு அவர்கள் அரை மணி நேரம் பதில் சொன்னார்கள். அறுபதைத் தாண்டியதும் பொறுமை போய், கேட்டவர்கள் மேல் எரிந்து விழ ஆரம்பித்தார்.

படத்தின் பெயர் 'பூட்டிய பிறகு'. கதையில் பெரிய சிக்கல் கிடையாது. ஒரு பெண்ணின் கணவன் காணாமல் போகிறான். அவள்தான் கொன்றிருப்பாள் என்று ஊர் பேசுகிறது, இன்ஸ்பெக்டரும் நம்புகிறார். இரண்டு மணி நேரம் அவளைப் படாத பாடு படுத்திய பிறகு, கணவனின் தம்பி குற்றத்தை ஒப்புக்கொள்கிறான். இன்ஸ்பெக்டர் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகிறார். அவள் கதவைச் சாத்திப் பூட்டுகிறாள். வயலின்கள் எழுந்து அடங்குகின்றன. திரை இருட்டாகிறது.

பத்துப் பன்னிரண்டு நொடி முழு இருட்டு, துளி சத்தம் இல்லை. அப்புறம் ஒரே ஒரு ஷாட். சமையலறை மேசையில் அவள் காபி குடித்துக்கொண்டிருக்கிறாள். எதிரே ஆளில்லாத நாற்காலி, அதன் முன்னால் இன்னொரு டம்ளர். அவள் கையை நீட்டி அந்த டம்ளரை எடுத்துப் பார்க்கிறாள். காலி. திருப்பி மேசைமேல் வைக்கிறாள். டிங் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான் படம்.

கணவன் சாகவே இல்லை, வீட்டுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறான் என்றது ஒரு கூட்டம். அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, தானே குடித்துவிட்டு மறந்துபோகிறாள் என்றது இன்னொன்று. கொன்றது அவளேதான், தம்பி அவள் மேலிருந்த ஆசையால் பழியை ஏற்றான் என்று வேறு சிலர் சத்தியம் செய்தார்கள். ஒரு பையன் நாற்பது நிமிட வீடியோ போட்டு, சுவரில் விழுந்த நிழலின் உயரத்தை அளந்து, அது கணவன்தான் என்று நிரூபித்தே விட்டான். அந்த நிழல் மைக் பிடித்த உதவியாளருடையது. ஷூட்டிங் அன்று யாரும் கவனிக்கவில்லை. அதை வெளியே சொல்ல ஆதிகேசவனுக்கு வெட்கமாக இருந்தது.

இத்தனையையும் சகித்துக்கொண்டார். மனிதர்கள் கேட்ட அதே கேள்வியை ஓர் இயந்திரம் கேட்க ஆரம்பித்து, அதற்குத் தன் சொந்த மகளே தப்பாகப் பதில் சொல்லிவிட்டாள் என்றபோதுதான் அவருக்குத் தலை சுற்றியது.

*

"தேறலப்பா" என்றாள் மதுவந்தி. கைப்பையைக்கூடக் கழற்றாமல் சோபாவில் விழுந்தாள்.

"எதுல தேறல?"

"உங்க படத்துல."

மதுவந்தி மெட்ரோ ரயிலில் சிக்னல் பொறியாளர். முப்பத்தேழு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை. ஆனால் ஒரு குழந்தை வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. போன ஆடியில் காப்பகத்திலிருந்து மூன்று வயது அல்லியைத் தற்காலிகமாக வளர்க்கக் கொடுத்தார்கள். வந்த புதிதில் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்ட குழந்தை அது. இப்போது மதுவந்தியின் செருப்புச் சத்தம் படிக்கட்டில் கேட்டாலே வாசலுக்கு ஓடுகிறது. நிரந்தரமாகத் தத்தெடுக்க ஒரே ஒரு படி பாக்கியிருந்தது. மனநிலைச் சோதனை.

அதை அரசாங்கம் 'தெளிவு மையம்' என்ற தனியார் நிறுவனத்திடம் விட்டிருந்தது. ஒரு நாற்காலியில் உட்கார வைத்துப் படம் போடுவார்கள். கைப்பிடியில் கையை வைத்தால் நாடி, வியர்வை, தசை இறுக்கம் எல்லாவற்றையும் படித்து, மனம் அந்த நிமிடம் எந்த நிலையில் இருக்கிறது என்று நாற்காலி சொல்லிவிடும். ஆசிரியர் வேலை, போலீஸ் வேலை, ஜாமீன், தத்து என்று எல்லாவற்றுக்கும் இப்போது அந்த நாற்காலிதான்.

"என் படத்தைத்தான் போடறாங்களா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல!"

"உரிமை தயாரிப்பாளர்கிட்ட இருக்கு. அவர் வித்துட்டார். அதை விடுங்கப்பா, இதைப் பாருங்க." போனை நீட்டினாள்.

ஆதிகேசவன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். முடிவுக் காட்சியில் மிகை அச்சம். பிறர் மேல் ஆழ்ந்த அவநம்பிக்கை. குழந்தை வளர்ப்புக்கு உகந்த மனநிலை இல்லை.

"யாருக்கு அவநம்பிக்கை? உனக்கா? பூட்டாத வீட்டைப் பூட்டினேன்னு நம்பிட்டு ஆபீஸ் போறவ நீ!"

"கத்தாதீங்க, அல்லி பயப்படறா." மதுவந்தியின் குரல் உடைந்தது. "இன்னும் ஒரு தடவை உட்காரலாமாம். அடுத்த வாரம் புதன்கிழமை. அதுலயும் இப்படியே வந்தா அல்லியை வேற வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. வரிசையில ஆள் இருக்காம்."

அல்லி தரையில் உட்கார்ந்து மசாலா டப்பாவின் கிண்ணங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். பேச்சு நின்றதும் தலையைத் தூக்கி இருவரையும் பார்த்தாள். ஆதிகேசவன் எழுந்து அடுக்களைக்குப் போனார். தனக்குக் காபியும் மகளுக்கு டீயும் போட்டார். மதுவந்தி சின்ன வயதிலிருந்தே காபியைத் தொடமாட்டாள்.

டீயை வாங்கிக்கொண்டபோது அவள் கேட்கப் போகிறாள் என்று அவருக்குத் தோன்றியது. ஊரே கேட்ட கேள்வியை இந்த இருபத்துச் சொச்சம் வருஷத்தில் கேட்காத ஒரே ஆள் அவள்தான். இப்போதும் கேட்கவில்லை. டீயை ஊதி ஊதிக் குடித்தாள்.

*

தெளிவு மையத்தின் வரவேற்பில் இருந்த இளைஞனுக்கு ஆதிகேசவனைத் தெரியவில்லை.

"உள்ள ஓடிட்டிருக்கிற படத்தை எடுத்தவன் நான்" என்றார்.

"எந்தப் படம் சார்?"

"காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ஓட்டறீங்களே, அது."

"அது டெஸ்ட் சார், படமில்ல" என்றான் அவன். "டோக்கன் எடுத்துக்குங்க."

அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. டோக்கன் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நடைபாதையின் இரு பக்கமும் சின்னச் சின்ன அறைகள். மூடிய கதவுகளுக்குப் பின்னால் அவருடைய படம் வெவ்வேறு இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஓர் அறையில் இன்ஸ்பெக்டர் அதட்டினார், இன்னொன்றில் கதாநாயகி அழுதாள், மூன்றாவதில் வயலின். இப்படி ஒரு வரவேற்பைப் படம் வெளியான வாரத்தில் கண்டிருந்தால் அவர் இன்னும் பத்துப் படம் எடுத்திருப்பார்.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் கூப்பிட்டார்கள். பிரிசில்லா என்ற உளவியல் அதிகாரி எழுந்து நின்றே வரவேற்றாள். முப்பது வயதிருக்கும். மரியாதையான பெண். அந்த மரியாதைதான் அவரை மேலும் எரிச்சலூட்டியது.

"சார், நான் உங்க பெரிய ரசிகை. காலேஜ்ல இந்தப் படத்தை வெச்சுத்தான் ப்ராஜெக்ட் பண்ணேன். கேட்டா தப்பா நினைச்சுக்க மாட்டீங்களே... அந்த ரெண்டாவது காபி..."

"நான் அதுக்கு வரல. என் பொண்ணு மதுவந்தியை நீங்க ஃபெயில் பண்ணியிருக்கீங்க. நான்தான் எடுத்தேன், நானே சொல்றேன். அந்த முடிவுக்குச் சரியான பதில்னு ஒண்ணு கிடையாது."

"இருக்கு சார்" என்றாள் பிரிசில்லா, மென்மையாக. "நூத்துக்குத் தொண்ணூறு பேருக்கு மேல என்ன உணர்ந்தாங்களோ அதுதான் சரியான பதில். அவங்க உணர்ந்தது நிம்மதி. கேள்வித்தாள்ல யார் வேணா பொய் சொல்லலாம் சார். தெளிவில்லாத முடிவைப் பார்க்கும்போது பொய் சொல்ல முடியாது. நம்ம மனசுல என்ன இருக்கோ அதைத்தான் அதுல பார்ப்போம். ஆரோக்கியமான மனசு அந்த டம்ளரைப் பார்த்தும் நிம்மதியா இருக்கு. சந்தேகப் புத்தி இருக்கிறவங்களுக்கு நெஞ்சு திடுக்குங்குது."

"திடுக்குன்னு ஆகணும்னுதானே அம்மா எடுத்தேன்!"

"உங்க நோக்கத்தை நாங்க கணக்குல எடுக்கிறதில்ல சார். மன்னிக்கணும்."

ஆதிகேசவன் மேசையில் அடிக்க ஓங்கிய கையை நடுவழியில் நிறுத்தினார். பாதுகாவலர் கதவருகே நின்றிருந்தார். மகளின் காரியம் கெட்டுவிடக் கூடாது.

"அந்தத் தொண்ணூறு பேரையும் எங்கே பிடிச்சீங்க?"

பிரிசில்லாவுக்கு இந்தக் கேள்வி பிடித்திருந்தது. "அதுதான் எங்க பலம் சார். மத்தவங்க நாலு காலேஜ் பசங்களை வெச்சு அளவெடுப்பாங்க. நாங்க நிஜமான ஜனங்ககிட்டப் போனோம். அஞ்சு ஊர்ல, சாதாரண தியேட்டர்ல, இலவச டிக்கெட்டுக்கு மறுபடி ரிலீஸ் பண்ணினோம். எல்லா சீட்டுலயும் இதே கைப்பிடி. ஆறு வாரம் ஹவுஸ்ஃபுல்."

திரையை அவர் பக்கம் திருப்பினாள். ஆயிரக்கணக்கான மனிதர்களின் இரண்டு மணி நேரத்தை ஒரே கோடாக வரைந்து வைத்திருந்தார்கள். ஆதிகேசவன் தன்னையறியாமல் முன்னால் குனிந்தார். அவர் பயம் வைத்த இடத்தில் கோடு ஏறியிருந்தது. சிரிப்பு வைத்த இடத்தில் துள்ளியிருந்தது. தம்பி வாயைத் திறக்கும் காட்சியில் உச்சத்துக்குப் போய், கதவு பூட்டியதும் மடமடவென்று இறங்கி நிம்மதியில் வந்து நின்றிருந்தது. ஒரு நிமிடம் அவருக்குக் கோபமே மறந்துபோனது. தன் படத்தை இத்தனை பேர் இத்தனை ஒழுங்காகப் பார்த்திருக்கிறார்கள் என்று நெஞ்சு விம்மியது.

பிறகு கடைசித் துண்டைப் பார்த்தார். இருட்டு விழுந்த இடத்திலிருந்து படம் முடியும்வரை கோடு நேராக, ஆடாமல் அசையாமல் போயிற்று.

"இது என்ன, கோடு செத்துப்போச்சு?"

"நிம்மதி நிலைச்சிருக்கு சார்."

"தூங்கறவனுக்குக்கூடக் கோடு லேசா ஆடும். இது ஸ்கேல் வெச்சுப் போட்ட மாதிரி இருக்கு." அவர் மெதுவாக நிமிர்ந்தார். "ஏம்மா, படம் பார்க்கிறவன் கைப்பிடியிலேர்ந்து கையை எடுத்தா இந்த மெஷின் என்ன பண்ணும்?"

"கடைசியா என்ன அளவு வந்ததோ அதையே நீட்டிக்கும். பாப்கார்ன் சாப்பிட, தண்ணி குடிக்க எல்லாரும் கையை எடுப்பாங்க இல்லையா? அதுக்காக வெச்ச ஏற்பாடு."

"எடுத்த கையை வைக்கவே இல்லன்னா?"

"படம் முடியற வரைக்கும் அதே அளவுதான்."

"அந்தத் தியேட்டர்ல எல்லாம் வண்டி ஸ்டாண்டு இருந்துதா?"

பிரிசில்லாவுக்குப் புரியவில்லை. "பைக் ஸ்டாண்டா? இருந்திருக்கும். எதுக்கு சார்?"

ஆதிகேசவன் சிரித்தார். படம் வெளியான முதல் நாள் திண்டுக்கல்லில் ஒரு தியேட்டரின் கடைசி வரிசைக்குப் பின்னால் அவர் நின்றிருந்தார். திரை இருட்டானதுதான் தாமதம், நாற்காலிகள் படபடவென்று மடங்கின. மொத்தக் கூட்டமும் வாசலுக்கு ஓடியது. ஸ்டாண்டில் முதல் ஆளாகப் போகாவிட்டால் ஹேண்டில்பாரோடு ஹேண்டில்பார் மாட்டிக்கொண்டு, வண்டியை எடுக்க அரை மணி நேரம் ஆகிவிடும். எந்தப் படமாக இருந்தாலும் முடியப் போகிறது என்று தெரிந்ததும் எழுந்துவிடுவது எல்லோருக்கும் பழக்கம். ஆதிகேசவன் இருட்டில் கையை ஆட்டிக் கத்தினார். "உட்காருங்க, படம் இன்னும் முடியல! உட்காருங்க!" யாரோ ஒருவர் அவர் தோளைத் தட்டி, "முடிஞ்சிருச்சுண்ணே, நீங்களும் போய் வண்டியை எடுங்க" என்று அன்பாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் உயிரைக் கொடுத்து எடுத்த கடைசி ஷாட் மடங்கிய நாற்காலிகளுக்கு ஓடியது. சாதாரண மர்மப் படம், முடிவில் ஒன்றுமில்லை என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். ஒரு வாரம் தாங்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து போனில் பார்க்கிற காலம் வந்த பிறகுதான் அந்த டம்ளரை உலகம் கண்டது.

"ஹாலை வீடியோ எடுத்திருப்பீங்களே, போடுங்க" என்றார்.

பிரிசில்லா தேடிப் போட்டாள். மங்கலான அரங்கம், வரிசை வரிசையாகத் தலைகள். கதவு பூட்டப்பட்டது. இருட்டு. தலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்தன. டம்ளர் திரையில் வந்தபோது அரங்கம் அநேகமாகக் காலியாக இருந்தது. அடுத்த ஊர், அதற்கடுத்த ஊர், எல்லாம் அப்படியே.

"உங்க தொண்ணூறு பேரும் வண்டி எடுக்கப் போயிட்டாங்கம்மா. முடிவை யாருமே பார்க்கல. பார்க்காதவனுக்கு நிம்மதியா இல்லாம எப்படி இருக்கும்?"

பிரிசில்லா, எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்த சிலரின் மேல் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தாள். ஊன்றுகோலை மடியில் வைத்திருந்த ஒருவர், கூட்டம் கலையட்டும் என்று காத்திருந்தார். நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி. மற்றவர்கள் அநேகமாக மடியில் குழந்தை தூங்கிவிட்டதால் எழுந்திருக்க முடியாத தாய்மார்கள். திரையில் டம்ளர் டிங் என்றபோது அவர்கள் திடுக்கிட்டுக் குழந்தையை இறுக்கிக்கொண்டார்கள்.

"இவங்கதான் அந்த மிச்சம்" என்றாள் பிரிசில்லா. அவள் குரல் மாறியிருந்தது. "அவநம்பிக்கைன்னு நாங்க குறிச்சு வெச்சது இவங்களைப் பார்த்துத்தான். பிள்ளை வளர்க்கத் தகுதியில்லன்னு."

*

ஆதிகேசவன் ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தார். பிரிசில்லா மேலதிகாரியோடு போனில் பேசிவிட்டு வந்து உட்கார்ந்ததும் அந்த நினைப்பு போய்விட்டது.

"நான் எழுத்து மூலமா அனுப்பறேன் சார். குழு கூடிப் பார்ப்பாங்க."

"எப்பக் கூடும்?"

"தெரியல சார்."

"புதன்கிழமை என் பொண்ணுக்கு டெஸ்ட்டு. அது வரைக்கும் நிறுத்தி வைங்க."

"நிறுத்த முடியாது சார். இதுவரைக்கும் லட்சக்கணக்கான பேருக்கு இந்தச் சோதனையைப் போட்டாச்சு. வேலை போனவங்க இருக்காங்க. ஜாமீன் கிடைக்காம உள்ள இருக்கிறவங்க இருக்காங்க. தப்புன்னு ஒத்துக்கிட்டா அத்தனை பேருக்கும் பதில் சொல்லணும். அதுக்கு மேலிடத்துல யாரும் தயாரா இல்ல." அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். "ஒரு வழி இருக்குன்னு சொன்னாங்க. வெட்டறதுக்கு மட்டும் இயக்குநர் சம்மதம் வேணுமாம். நீங்க சம்மதிச்சா படத்துல கடைசி ஷாட்டை எடுத்துடலாம். அப்பப் படமும் எங்க அளவும் ஒத்துப்போயிடும்."

நாற்பது வயதில் தயாரிப்பாளர் இதே ஷாட்டை வெட்டச் சொன்னபோது ஆதிகேசவன் எடிட்டிங் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு நாள் முழுக்கத் திறக்காமல் இருந்தவர். இப்போது அவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"வெட்டுங்க. எங்கே கையெழுத்துப் போடணும்?"

"அதுக்கும் குழு கூடணும் சார்."

அவருக்கு வாய்விட்டு அழ வேண்டும் போல இருந்தது. எழுந்தார். கதவைத் திறக்கும்போது பிரிசில்லா பின்னாலிருந்து, அலுவலக விதியைப் படித்துக் காட்டும் குரலில் சொன்னாள்.

"சார், விதிப்படி படம் முடிஞ்சதும் எழுந்து வெளிய வந்துடலாம். எப்ப முடிஞ்சதுன்னு பார்க்கிறவங்கதான் முடிவு பண்ணணும். நாங்க அதுல தலையிடறதில்ல."

*

அன்று சாயங்காலம் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே அல்லிக்கு இட்லியைப் பிய்த்து ஊட்டினாள்.

"இருட்டு விழுந்ததும் எழுந்துடு. யோசிக்காதே. ஸ்டாண்டுல வண்டி மாட்டிக்கும்னு நினைச்சுக்கோ."

"அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்திருக்கேன்! ஒரு தடவைகூட இருட்டுல எழுந்ததில்லப்பா."

"தெரியும்."

"நீங்களே எழுந்துக்கச் சொல்றீங்க."

"நானேதான் சொல்றேன்" என்றார் எரிச்சலாக. எரிச்சல் அவள்மேல் இல்லை. தன் படைப்பில் உயிர் இருக்கிற ஒரே இடத்தைப் பார்க்காதே என்று பெற்ற பெண்ணிடமே சொல்ல வேண்டியிருக்கிறதே என்றுதான்.

"கடைசி ஷாட்டுல அப்படி என்ன பயம் உனக்கு? நிஜமாவே பயந்தியா?"

மதுவந்தி குழந்தையின் வாயைத் துடைத்தாள். "மெஷின் பொய் சொல்லலப்பா. எப்பவுமே எனக்கு அந்த இடத்துல நெஞ்சு அடிச்சுக்கும்." அதற்கு மேல் அவள் சொல்லவில்லை, அவரும் தோண்டவில்லை.

ஆதிகேசவன் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாததற்குக் காரணம் பிடிவாதம் என்று எல்லோரும் நினைத்தார்கள். உண்மை அதுவல்ல. பதில் அவருக்கே தெரியாது. மனைவி சுகந்தி இறந்த வருஷம், காலையில் எழுந்து பழக்கதோஷத்தில் இரண்டு காபி போட்டுவிடுவார். போட்டதைக் கொட்ட மனம் வராது. அவள் உட்காரும் இடத்தில் ஒரு டம்ளரை வைத்துவிட்டு, தன்னுடையதைக் குடித்து முடித்துக் குளிக்கப் போவார். திரும்பி வந்து பார்த்தால் டம்ளர் காலியாக இருக்கும். வீட்டில் இருந்தது அவரும் பள்ளிக்கூடம் போகிற பெண்ணும்தான். கணக்குப் போடத் தெரியாதவர் இல்லை. ஆனால் மதுவந்திக்குக் காபி வாசனையே ஆகாது. கேட்டிருந்தால் ஏதாவது ஒரு பதில் வந்திருக்கும், அதோடு அது முடிந்துபோயிருக்கும். அவர் கேட்கவில்லை. பல மாதம் இரண்டு டம்ளர் வைத்தார், அப்புறம் ஒரு படம் எடுத்தார்.

*

புதன்கிழமை மூவரும் ஸ்கூட்டரில் போனார்கள். மதுவந்தியை உள்ளே அழைத்துப் போனதும், ஆதிகேசவன் அறைக்கு வெளியே பெஞ்சில் அல்லியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கதவு வழியாகப் படம் மெலிதாகக் கேட்டது. ஒவ்வொரு வசனமும் அவருக்கு மனப்பாடம். அல்லி அவர் சட்டைப் பொத்தானைத் திருகி விளையாடி, பிஸ்கட் தின்று, தூங்கி, எழுந்தாள்.

தம்பி ஒப்புக்கொண்டான். இன்ஸ்பெக்டர் மன்னிப்புக் கேட்டார். பூட்டு விழுந்தது. வயலின்கள் எழுந்து அடங்கின.

ஆதிகேசவன் மூச்சைப் பிடித்துக்கொண்டார். எழுந்திரு, எழுந்திரு என்று உதடு தானாக முணுமுணுத்தது. கதவு திறக்கவில்லை. உட்கார்ந்துவிட்டாள், அவளால் முடியவில்லை என்று நினைத்தார். குழந்தையை இறுக்கிப் பிடித்ததில் அது சிணுங்கியது.

கதவு திறந்தது. மதுவந்தி வேகமாக வெளியே வந்தாள். முகமெல்லாம் கண்ணீர். பேசாமல் அல்லியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அவள் பின்னால் கதவு மெதுவாகச் சாத்திக்கொள்வதற்குள், ஆளில்லாத நாற்காலிக்கு முன்னால் டம்ளர் மேசையில் பட்டது. டிங்.

கொஞ்ச நேரத்தில் பிரிசில்லா வந்தாள். "முடிவுக் காட்சியில் நிம்மதி" என்று படித்தாள். "குழந்தை வளர்ப்புக்கு உகந்த மனநிலை. வாழ்த்துகள் மேடம்." ஆதிகேசவனைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டு உள்ளே போனாள். குழு இன்னும் கூடவில்லை, கூடப்போவதும் இல்லை என்பது அந்தத் தலையசைப்பிலேயே தெரிந்தது.

பெஞ்சின் மறுகோடியில் ஒரு நடுத்தர வயதுக்காரர் தன் முறைக்காகக் காத்திருந்தார். ஆசிரியர் வேலைக்கோ தத்துக்கோ, என்னவோ. டோக்கனை மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். ஆதிகேசவன் போகிற போக்கில் அவர் பக்கம் குனிந்தார்.

"கதவைப் பூட்டினதும் திரை இருட்டாகும். உடனே எழுந்து வந்துடுங்க. அதுக்கு மேல ஒண்ணும் இல்ல."

"ஒண்ணுமே இல்லீங்களா?"

"ஒண்ணும் இல்ல" என்றார். சொல்லும்போது வாய் கசந்தது. இன்னும் இரண்டு பேரிடமும் அதையே சொன்னார்.

ஸ்டாண்டில் அவர்கள் ஸ்கூட்டர் நாலு வண்டிகளுக்கு நடுவே சிக்கியிருந்தது. ஸ்டாண்டுக்காரர் ஒவ்வொன்றாக நகர்த்த ஆரம்பித்தார். அல்லி மதுவந்தியின் காதணியை இழுத்து விளையாடினாள்.

"நீ மட்டும் எங்கிட்டக் கேட்டதே இல்ல" என்றார் ஆதிகேசவன். "யார் குடிச்சான்னு."

"நான் எதுக்குப்பா கேக்கணும்?" மதுவந்தி அவரைப் பார்க்காமல் குழந்தையின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "நான்தானே குடிச்சேன்."

அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"டம்ளர் நிறைஞ்சு அப்படியே இருந்தா நீங்க அதையே பார்த்துட்டு நிப்பீங்க. சாப்பிடாம போயிடுவீங்க. அதான் நீங்க குளிக்கப் போனதும் மூக்கைப் பிடிச்சுட்டுக் குடிச்சுடுவேன். ஒவ்வொரு நாளும் இன்னிக்கு மாட்டிக்குவேன்னு பயம். அப்புறம் நீங்க அதைப் படமாவே எடுத்துட்டீங்க. தியேட்டர்ல பார்த்தப்போ உயிரே போயிடுச்சு. அப்பா கண்டுபிடிச்சுட்டாரு, இப்பத் திரும்பி என்னைத்தான் பார்க்கப்போறாருன்னு. அது இன்னும் போகல."

ஆதிகேசவன் பக்கத்திலிருந்த வண்டியின் சீட்டைப் பிடித்துக்கொண்டார். எத்தனை வருஷம், எத்தனை பேர், எத்தனை விளக்கம்! இத்தனை நாளும் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. ஒரே ஒரு நாள் குளிக்கப் போகாமல் நின்றிருந்தால் தெரிந்திருக்கும். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. என்ன சொல்வதென்று தெரியாமல் மகளின் தலையில் கையை வைத்தார். அல்லியும் தன் பங்குக்கு மதுவந்தியின் தலையில் கையை வைத்தாள்.

ஸ்டாண்டுக்காரர் ஸ்கூட்டரை இழுத்து வெளியே விட்டார். விட்டவர் ஆதிகேசவனின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"சார், நீங்க அந்தப் படம் எடுத்தவருதானே? உள்ள ஓட்டறாங்களே? நான் போன்ல ரெண்டு தடவை பார்த்தேன் சார். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க. அந்த ரெண்டாவது காபியை யாரு சார் குடிச்சது?"

ஆதிகேசவன் எரிந்து விழவில்லை. மதுவந்தியைக் காட்டினார்.

"என் பொண்ணு" என்றார்.

ஸ்டாண்டுக்காரர் அவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சலித்துப்போய்க் கையை உதறினார்.

"சொல்ல மாட்டீங்கன்னு தெரியும் சார். நீங்க வண்டியை எடுங்க."